ஆர்.சி. பந்தயக் காருக்கு கன்வெர்ஷன் கிட் வாங்குவதற்கு முன் எடைபோட வேண்டியவை

ரேடியோ கட்டுப்பாட்டுப் பந்தயக் காரைச் சில மாதங்கள் ஓட்டிப் பழகியவருக்கு, அதையே வேறொரு காராக மாற்றிவிட்டால் என்ன என்ற எண்ணம் ஒரு கட்டத்தில் வந்தே தீரும். பின்புறம் மோட்டார் கொண்ட பக்கியை (மண் பாதையில் ஓடும் பந்தயக் கார்) நடுமோட்டார் பக்கியாக்குவது, உயரமான ஷார்ட் கோர்ஸ் டிரக்கைத் தாழ்வான சேஸிக்கு (அடித்தளச் சட்டகம்) மாற்றுவது, அதே டிரக்கை மண் ஓவல் பாதைக்கான லேட் மாடல் காராக்குவது, நைட்ரோ எரிபொருளில் ஓடும் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரைப் பொருத்துவது ஆகியவை இவற்றில் பரவலானவை. காரைத் தயாரித்த நிறுவனத்தைச் சாராத பட்டறைகளும் சிறு நிறுவனங்களும் இதற்கான தொகுப்புகளைக் கன்வெர்ஷன் கிட் என்ற பெயரில் விற்கின்றன. அதை வாங்குவதா, இருக்கும் காரையே செம்மைப்படுத்தி ஓட்டுவதா, வேறொரு கார் வாங்கிவிடுவதா என்று முடிவெடுப்பதற்கான வழிமுறையை இங்கே எழுதுகிறேன். என் அனுபவத்தில், இந்த முடிவு கிட்டின் தரத்தைவிட, கிட் பொருத்திய பிறகும் பழைய காரிலிருந்து எஞ்சி நிற்கப்போகும் பாகங்களையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

முதலில் கன்வெர்ஷனையும் அப்கிரேடையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் புஷ்களை எடுத்துவிட்டுப் பால் பேரிங் போடுவதும், எண்ணெய் நிரப்பிய ஷாக்குகளை மாட்டுவதும், பிரஷ் மோட்டாருக்குப் பதில் பிரஷ்லெஸ் மோட்டார் வைப்பதும் அப்கிரேட். அவை காரின் அமைப்பை அப்படியே விட்டுவிட்டு அதன் செயல்பாட்டை மட்டும் உயர்த்துகின்றன. பிடிக்காவிட்டால் பத்து நிமிடத்தில் பழைய பாகத்தை மாட்டிவிடலாம். கன்வெர்ஷன் என்பது மோட்டார், பேட்டரி, கியர்பாக்ஸ், சேஸி ஆகியவை ஒன்றுக்கொன்று எங்கே அமர்கின்றன என்பதையே மாற்றுவது. எடை விழும் இடம் மாறுகிறது, சில வேளைகளில் சக்கரங்களுக்கிடையிலான நீளமும் மாறுகிறது, அதனால் அதுவரை நீங்கள் கண்டுபிடித்து வைத்திருந்த ஸ்பிரிங், ஷாக் எண்ணெய், கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) அளவுகள் எல்லாம் பயனற்றுப்போகின்றன. கன்வெர்ஷன் செய்பவர் ஒரு புதிய காரின் செட்டப்பைத் தொடக்கத்திலிருந்து தேட வேண்டியவர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மற்றவற்றை யோசிக்க வேண்டும்.

விதிப்புத்தகத்திலிருந்து தொடங்குங்கள்

கிட்டின் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே, நீங்கள் ஓடப்போகும் பிரிவின் விதிகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உலக அளவில் இஃப்மார், அமெரிக்காவில் ரோர், பிரிட்டனில் பி.ஆர்.சி.ஏ. போன்ற அமைப்புகள் பிரிவுதோறும் காரின் அகலம், குறைந்தபட்ச எடை, பேட்டரி வகை, மோட்டார் வகை ஆகியவற்றை வரையறுக்கின்றன. உள்ளூர் கிளப்புகள் பெரும்பாலும் அவற்றைத் தழுவித் தங்களுக்கென்று சில திருத்தங்களைச் சேர்த்துக்கொள்கின்றன. உண்மைக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவிலான 1/10 டூரிங் காரின் அகலம் 190 மில்லிமீட்டர் என்ற வரம்பை ஒட்டியே பாடிகளும் சக்கரங்களும் தயாராகின்றன. 1/10 மின்கார்ப் பிரிவுகள் பெரும்பாலும் இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிக்கு, அதாவது பெயரளவில் 7.4 வோல்ட்டுக்கு, உட்பட்டவை. மோட்டாரின் ஆற்றலைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக் பிரிவுகளில், கம்பிச்சுருள் 17.5 அல்லது 13.5 சுற்று கொண்ட மோட்டாரோடு, இ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) தானாக டைமிங் (சுருளுக்கு மின்சாரம் முன்கூட்டியே பாயும் அளவு) கூட்டாத பிளிங்கி நிலையில் ஓட வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும்.

அளவுகளுக்குள் அடங்கிவிட்டாலே கிட் செல்லுபடியாகும் என்று எண்ணிவிடக் கூடாது. டிராக்ஸஸ் நிறுவனம் 2008இல் கொண்டுவந்த ஸ்லாஷ் டிரக்கைச் சுற்றிப் பல கிளப்புகளில் ஸ்பெக் ஸ்லாஷ் என்ற பிரிவு உருவானது. எல்லோரும் ஏறக்குறைய ஒரே காரை ஓட்ட வேண்டும் என்பதுதான் அந்தப் பிரிவின் உயிர். அங்கே தாழ்ந்த சேஸியைப் போட்டுக்கொண்டு வந்தால், அது எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருந்தாலும் தொடக்கக் கோட்டுக்கு வர விட மாட்டார்கள். அதேபோல, நைட்ரோ பக்கியை மின்காராக்கினால் அது நைட்ரோ பிரிவில் ஓட முடியாது. மின் 1/8 பக்கிப் பிரிவுக்குத்தான் போக வேண்டும், அந்தப் பிரிவு உங்கள் கிளப்பில் நடக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கிட்டின் பெயரையும் எந்தக் காரில் பொருத்தப்போகிறீர்கள் என்பதையும் சொல்லி, பந்தய நடத்துநரிடம் எழுத்தில் பதில் வாங்கிவிடுவது நல்லது. பந்தயத்தன்று தொழில்நுட்பச் சோதனை மேசையில் நின்று வாதாடி வென்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

எஞ்சும் பாகங்களின் கணக்கு

விதி இடம் கொடுக்கிறது என்று உறுதியானதும் ஒரு தாளை எடுத்து மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் கிட்டோடு வரும் பாகங்கள், இரண்டாவதில் பழைய காரிலிருந்து அப்படியே போகும் பாகங்கள், மூன்றாவதில் இரண்டிலும் இல்லாமல் தனியாக வாங்க வேண்டியவை. கிட் விற்பவரின் விளம்பரத்தில் முதல் பத்தி மட்டுமே இருக்கும். மூன்றாவது பத்தியை நிரப்ப வேண்டுமானால், கிட்டின் பொருத்தும் கையேட்டை வாங்குவதற்கு முன்பே கேட்டுப் பெற்று, ஒவ்வொரு படியிலும் எந்தப் பாகம் எங்கிருந்து வருகிறது என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பேட்டரிக்கும் இ.எஸ்.சி.க்கும் நடுவே நீளமான ஒயர், வேறு அளவிலான பினியன் (மோட்டார் தண்டில் இருக்கும் சிறு பற்சக்கரம்), குறுகிய சேஸிக்கேற்ற பாடி, ஸ்டியரிங் இணைப்புக் கம்பிகள், சிறிய அளவிலான ஷார்ட்டி பேட்டரி என்று இந்தப் பத்தி நீண்டுகொண்டே போகும். கையேடே இல்லாத கிட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது பத்திதான் உண்மையில் முடிவைத் தீர்மானிக்கிறது. பழைய காரின் ஷாக்குகள், டிஃப் (சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல்), டிரைவ் ஷாஃப்ட், ஸ்டியரிங் அமைப்பு, சஸ்பென்ஷன் ஆர்ம் ஆகியவை பந்தயத் தரத்தில் இருந்தால், கிட் அவற்றை நல்ல இடத்தில் அமர்த்தி முழுப் பலனையும் வெளிக்கொண்டுவரும். அவை பொழுதுபோக்குக்காக ஓட்டும் காரின் தரத்தில் இருந்தால், விலையுயர்ந்த கார்பன் சேஸியில் தளர்ந்த ஸ்டியரிங்கும் கசியும் ஷாக்கும் தொங்கிக்கொண்டிருக்கும். பிறகு அவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றத் தோன்றும். மாற்றி முடிக்கும்போது பழைய காரிலிருந்து மிஞ்சியது நான்கு சக்கர நட்டுகளாகத்தான் இருக்கும். ஆகவே மூன்றாவது பத்தியின் கூட்டுத்தொகையையும் கிட்டின் விலையையும் சேர்த்து, அதே பிரிவுக்கென்றே பிறந்த, ஓரிரு பருவம் ஓடிய பழைய பந்தயக் காரின் விலையோடு ஒப்பிடுங்கள். தொகை அதில் பாதிக்குள் நின்றால் கன்வெர்ஷன் நியாயமானது. முக்கால் பங்கைத் தாண்டினால், கன்வெர்ஷன் செய்யும் வேலையையே ரசிப்பவர் மட்டும் அதில் இறங்கலாம். இந்த அளவுகோல் எனக்கு நானே வைத்துக்கொண்டது என்றாலும், இதுவரை என்னைக் கைவிட்டதில்லை.

உதிரி பாகங்களைப் பற்றியும் இதே தாளில் குறித்துக்கொள்ளலாம். ஒரு பந்தயப் பருவத்தில் உடைவன பெரும்பாலும் சஸ்பென்ஷன் ஆர்ம், ஷாக் டவர், ஹப் போன்றவை. கிட் இவற்றை விட்டுவிட்டுச் சேஸியையும் மோட்டார் தாங்கியையும் மட்டும் மாற்றுகிறது என்றால், உடையும் பாகங்கள் காரைத் தயாரித்த நிறுவனத்திடமிருந்தே எப்போதும்போலக் கிடைக்கும். இது மிகப் பெரிய நன்மை. கிட்டே தனக்கென்று தனி ஆர்ம், தனி டவர் வைத்திருந்தால், அந்தச் சிறு நிறுவனம் அடுத்த ஆண்டும் அவற்றைத் தயாரிக்குமா என்பதைப் பொறுத்தே உங்கள் காரின் ஆயுள் அமையும். அப்படிப்பட்ட கிட்டை வாங்குவதானால், உடையக்கூடிய ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு உதிரிகளை அதே நாளில் வாங்கி வைத்துவிட வேண்டும்.

பின்மோட்டாரிலிருந்து நடுமோட்டாருக்கு

கன்வெர்ஷன்களில் சிந்தனைக்கு அதிகம் வேலை கொடுப்பது இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று பேசுகிறேன். பின்சக்கரங்கள் இரண்டை மட்டும் மோட்டார் உந்தும் 1/10 பக்கிகளில் நெடுங்காலம் மோட்டார் பின்அச்சுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அசோசியேட்டட் நிறுவனம் 1984இல் வெளியிட்ட ஆர்.சி.10 தொடங்கி அதுவே வழக்கமான அமைப்பு. தளர்ந்த மண்ணில் ஓடும்போது பின்சக்கரங்களின் மேல் எடை விழுந்தால்தான் பிடிப்பு கிடைக்கும் என்பது அதற்கான காரணம். ஆறு செல் கொண்ட நிக்கல் பேட்டரி சுமார் 400 கிராம் எடையுள்ளது. அது நீளவாக்கில் நடுப்பகுதியை அடைத்துக்கொண்டதால், வேறு விதமாக யோசிக்க இடமும் இல்லை. லிப்போ வந்து, குட்டையான ஷார்ட்டி பேட்டரி அதில் ஏறக்குறைய பாதி எடையில் கிடைக்கத் தொடங்கியதும், கார்பெட்டும் செயற்கைப் புல்லும் விரித்த பாதைகள் பெருகியதும் நிலைமை மாறியது. பிடிப்பு தாராளமாக இருக்கும் பாதையில் பின்னால் தொங்கும் மோட்டார் ஒரு சுமை. திருப்பத்தில் வால்பகுதியை வெளியே இழுக்கிறது, முன்சக்கரங்களின் பிடியைக் குறைக்கிறது.

பெரிய நிறுவனங்கள் இதை ஏற்றுக்கொள்வதற்கு முன்பே அசோசியேட்டட் பி4, லோசி டிரிபிள் எக்ஸ் போன்ற கார்களின் பாகங்களை வைத்துச் சிறு தயாரிப்பாளர்கள் நடுமோட்டார் மாற்றங்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். பிறகு 2011இல் வந்த, டி.எல்.ஆர். (டீம் லோசி ரேசிங்) நிறுவனத்தின் 22 என்ற கார் ஒரே பெட்டியில் இரண்டு அமைப்பையும் கட்டும் வசதியோடு வந்தது. 2013இல் அசோசியேட்டட் தன் பி5எம் காரை நடுமோட்டாராகவே வெளியிட்டது. இந்த வரலாற்றில் வாங்குபவருக்கு ஒரு பாடம் உண்டு. தொழிற்சாலைக் கார்கள் தராத ஓர் அமைப்பைக் கிட் தரும் காலத்தில் அதன் மதிப்பு உச்சத்தில் இருக்கிறது. தொழிற்சாலையே அந்த அமைப்பைத் தந்துவிட்ட பிறகு அதே கிட்டுக்குப் பழைய காரைப் பயன்படுத்திக்கொள்வது என்ற ஒரு காரணம் மட்டுமே எஞ்சுகிறது. ஆகவே, கிட் தரும் அமைப்பு இன்று எந்தத் தொழிற்சாலைக் காரிலாவது கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டே முடிவெடுங்கள்.

நடுமோட்டார் மாற்றத்தின் நன்மை, கனமான பாகங்கள் காரின் மையத்துக்கு அருகில் கூடுவதால் வருகிறது. கார் சட்டென்று திரும்பும். திரும்பியபின் சட்டென்று நிலைகொள்ளும். தாவலில் மூக்கு மேலெழும்பாமல் தட்டையாகப் பறக்கும். தீமையும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. பின்சக்கரத்தின் மேல் விழும் எடை குறைவதால், தூசி படிந்த பாதையில் திராட்டிலைக் கொஞ்சம் அவசரமாக அழுத்தினாலும் வால் சுழன்றுவிடும். உங்கள் பாதை எப்படிப்பட்டது என்பதை மனக்கணக்கில் விடாமல், இரண்டு சமையலறைத் தராசுகளை ஒரே மட்டத்தில் வைத்து, முன்சக்கரங்கள் ஒன்றின் மேலும் பின்சக்கரங்கள் மற்றதன் மேலும் நிற்குமாறு காரைப் பேட்டரியோடும் பாடியோடும் நிறுத்திப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, மொத்தம் 1600 கிராமில் பின்தராசு 1024 காட்டினால் பின்பங்கு 64 விழுக்காடு. உங்கள் பாதையில் வேகமாக ஓடும் இரண்டு மூன்று கார்களின் பின்பங்கையும் அனுமதி கேட்டு இதே போல அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லையென்றால் உங்களுக்குக் கன்வெர்ஷன் தேவையில்லை. டயரையும் ஷாக்கையும் கவனித்தால் போதும். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தியே ஓரிரு விழுக்காடு மாற்ற முடிகிற காரில், கிட் வாங்குவதற்கு முன் அதைச் செய்து பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

இந்த மாற்றத்தில் பலர் கவனிக்காமல் விடும் விஷயம் மோட்டார் சுழலும் திசை. பின்மோட்டார் காரின் மூன்று கியர் கொண்ட கியர்பாக்ஸை முன்பின்னாகத் திருப்பி வைத்தால், மோட்டாரும் அதோடு சேர்ந்து திரும்பிவிடுவதால், கார் பின்னோக்கிப் போகும். இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, இ.எஸ்.சி. அமைப்பில் மோட்டாரின் திசையை மாற்றுவது. சென்சர் உள்ள மோட்டாரில் ஒயர்களை மாற்றி இணைத்து இதைச் சாதிக்கக் கூடாது. மென்பொருள் வழியாகத்தான் செய்ய வேண்டும். மேலும், மோட்டாரின் மூடியில் முன்னோக்கி வைத்திருந்த டைமிங் எதிர்த்திசையில் பின்தங்கிய டைமிங்காகிவிடும் என்பதால் அதையும் திருத்த வேண்டும். பிளிங்கி பிரிவில் ஓடுபவருக்கு இது பெரிய தொல்லையாகவே இருக்கும். இன்னொன்று, கிட்டிலேயே நான்காவது கியர் ஒன்றைச் சேர்த்துத் தருவது. அப்போது மோட்டாரும் சக்கரமும் ஒரே திசையில் சுழல்கின்றன. முடுக்கும்போது மோட்டாரின் எதிர்விசை காரின் மூக்கை மேலே தூக்கி எடையைப் பின்சக்கரத்துக்குத் தள்ளுகிறது. பின்னெடை குறைந்துபோன நடுமோட்டார் காருக்கு அந்தத் தள்ளல் உதவியாக அமைகிறது. பிடிப்பு குறைந்த பாதையில் ஓடுபவர் நான்கு கியர் கிட்டையே தேட வேண்டும். பிடிப்பு மிகுந்த கார்பெட்டில் மூன்று கியரே போதும், கூடுதல் கியரின் உராய்வும் மிச்சம்.

நைட்ரோவிலிருந்து மின்சாரத்துக்கு

1/8 நைட்ரோ பக்கியில் 3.5 சி.சி. எஞ்சினும் 125 சி.சி. எரிபொருள் தொட்டியும் இருக்கும். அவற்றோடு கிளட்ச், சைலன்சர், திராட்டில் சர்வோ ஆகியவற்றையும் எடுத்துவிட்டு, மோட்டார் தாங்கியையும் பேட்டரித் தட்டையும் வைப்பதுதான் இந்தக் கிட்டின் வேலை. எஞ்சின் டியூனிங், கிளோ பிளக், எரிபொருள் என்ற தொடர் வேலைகளிலிருந்து விடுதலை கிடைக்கிறது, சத்தம் குறைவதால் குடியிருப்புக்கு அருகிலும் பயிற்சி எடுக்க முடிகிறது, ஓடும்போது தொட்டி காலியாகிக் காரின் எடை மாறிக்கொண்டே போகும் சிக்கலும் இல்லை. கார் அடித்தளத்திலேயே 1/8 தரமாக இருப்பதால் டிஃப், டிரைவ் ஷாஃப்ட், ஆர்ம் எல்லாமே வலிமையானவை. எஞ்சும் பாகங்களின் கணக்கில் இந்தக் கன்வெர்ஷன் நல்ல மதிப்பெண் பெறுகிறது.

இழப்புகளையும் பார்க்க வேண்டும். நைட்ரோ காரில், முன், பின் அச்சுகளுக்குத் திருப்புவிசையைப் பிரித்துத் தரும் மைய டிஃபின் இரு பக்கமும் தட்டு பிரேக் இருக்கும்; முன்சக்கரத்துக்கு எவ்வளவு, பின்சக்கரத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாகத் திருகி வைக்கலாம். மின்மாற்றத்துக்குப் பிறகு பிரேக் மோட்டார் வழியாக மைய டிஃபுக்குள் போய்ப் பிரிவதால் அந்தத் தனிக் கட்டுப்பாடு போய்விடுகிறது. முடுக்கத்தின்போதும் மின்மோட்டாரின் உடனடித் திருப்புவிசை, பிடிப்பில்லாத முன்சக்கரங்கள் வழியாக ஓடிவிடப் பார்க்கும். முன்டயர்கள் ஊதிக்கொண்டு சீறுவதைக் காணலாம். இதைத் தடுக்க மைய டிஃபில் நைட்ரோவுக்கு வைத்திருந்ததைவிடக் கெட்டியான சிலிக்கான் எண்ணெயை நிரப்ப வேண்டும். பிரேக்கிலும் அது ஓரளவு கைகொடுக்கும்.

எண்களையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். நான்கு செல் லிப்போவின் பெயரளவு மின்னழுத்தம் 14.8 வோல்ட். 2000 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2000 சுற்று) மோட்டாரோடு பெருக்கினால், சுமையில்லாத வேகம் நிமிடத்துக்கு 29,600 சுற்று. ஸ்பர் (பினியன் சுழற்றும் பெரிய பற்சக்கரம்) 46 பல், பினியன் 15 பல், டிஃபின் உள்விகிதம் 4.3 என்று வைத்துக்கொண்டால், 46ஐ 15ஆல் வகுத்து 4.3ஆல் பெருக்கக் கிடைக்கும் 13.2 என்பதுதான் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் இடையிலான மொத்த விகிதம். முதல் ஓட்டத்துக்கு எப்போதும் கிட் தயாரிப்பாளர் சொல்வதைவிட ஒரு பல் சிறிய பினியனோடு தொடங்குங்கள். கார் கொஞ்சம் மெதுவாகத் தோன்றும், ஆனால் மோட்டார் பிழைக்கும்.

மின்சுற்றில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. நைட்ரோவில் ரிசீவருக்குத் தனிப் பேட்டரி இருந்தது, இப்போது இ.எஸ்.சி.யின் உள்ளேயுள்ள பி.இ.சி. என்ற சுற்று, ஸ்டியரிங்கை இயக்கும் சர்வோவுக்கு மின்சாரம் தருகிறது. அதை 7.4 வோல்ட்டில் வைத்துவிட்டு, 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காத பழைய சர்வோவை இணைத்தால் அது கருகிவிடும். அடுத்தது பேட்டரித் தட்டு. அது லிப்போவின் உறுதியான உறை அசையாதவாறு நான்கு பக்கமும் பிடித்திருக்க வேண்டும், பட்டை ஒன்றை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. செல் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டுக்கு மேல் போகாமலும், 3.0 வோல்ட்டுக்குக் கீழ் இறங்காமலும், கிடப்பில் வைக்கும்போது 3.8 வோல்ட்டை ஒட்டியும் இருக்க வேண்டும். தொட்டி இருந்த இடத்தில் பேட்டரி அமர்வதால் இடப்பக்கமும் வலப்பக்கமும் எடை ஏறுமாறாகும் வாய்ப்பு அதிகம். தராசுகளைப் பக்கவாட்டில் வைத்தும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

பொருளும் வேலைப்பாடும்

அலுமினியப் பாகம் என்றாலே வலிமை என்று நம்பிவிடுவது பொதுவான பிழை. பிளாஸ்டிக் ஆர்ம் சுவரில் மோதும்போது வளைந்து மீள்கிறது, அல்லது உடைகிறது. உடைந்தால் அதோடு சேதம் முடிகிறது. அதன் இடத்தில் அலுமினியத்தை வைத்தால் மோதலின் விசை அடுத்த பாகத்துக்குப் போய், ஹிஞ்ச் பின்னையோ கியர்பாக்ஸ் உறையையோ பதம் பார்க்கும். மோட்டார் தாங்கி, சர்வோ தாங்கி போன்று வளையவே கூடாத இடங்களில் அலுமினியம் சிறந்தது, வெப்பத்தையும் அது வெளியேற்றும். முன்புறத்தில் மோதலை வாங்கும் இடங்களில் பிளாஸ்டிக்கே இருக்கட்டும்.

கார்பன் ஃபைபர் தகடுகளின் விளிம்பைக் கண்ணருகே கொண்டுவந்து பாருங்கள். நல்ல தகட்டில் அடுக்குகள் ஒரே சீராக, இடைவெளி இல்லாமல் படிந்திருக்கும். மட்டமானதில் விளிம்பு மயிர் பிரிந்தாற்போல் இருக்கும், திருகுத் துளையைச் சுற்றி வெள்ளைக் கோடுகள் தெரியும். விளிம்பை நனைத்த உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, மெல்லிய சயனோ பசையை ஓட விட்டால் அடுக்குகள் பிரியாது. அந்தத் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது என்பதால் தேய்க்கும்போது நனைத்தே தேய்க்க வேண்டும், முகக்கவசமும் வேண்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், ஒயர் அதன் விளிம்பில் உரசி உறை கிழிந்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். ஒயர் கடக்கும் இடங்களில் விளிம்பை உருட்டிவிடுங்கள்.

திருகுகளைப் பற்றி என் சொந்தப் பிழையிலிருந்து சொல்கிறேன். பழைய அமெரிக்கப் பந்தயக் கார்களில் அங்குல அளவுத் திருகுகள் இருந்தன. என் கிட் மெட்ரிக் அளவில் வந்திருந்தது. 4-40 திருகின் விட்டம் 2.84 மில்லிமீட்டர், எம்3 திருகு 3 மில்லிமீட்டர். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் கண் ஏமாந்துவிடும். ஆனால் புரிக்குப் புரி உள்ள இடைவெளி ஒன்றில் 0.635 மில்லிமீட்டர், மற்றதில் 0.5. தவறான திருகு இரண்டு சுற்று சுலபமாக உள்ளே போகும், மூன்றாவது சுற்றில் இறுகும். பெயின்ட் படிந்திருக்கிறது என்று நினைத்து நான் அழுத்தித் திருகினேன். அலுமினிய மோட்டார் தாங்கியின் புரி சுத்தமாக வழிந்துபோனது. இரண்டு வகைத் திருகுகளையும் தனித்தனி டப்பாவில் போட்டு, ஒவ்வொரு துளையிலும் முதலில் விரலாலேயே திருகிப் பார்க்கும் பழக்கம் அன்றிலிருந்து வந்தது. கிட்டும் காரும் ஒரே அளவு முறையில் இருக்கின்றனவா என்பதும் இப்போது என் கேள்விப் பட்டியலில் உண்டு.

பொருத்திய பின் கியர்கள் ஒன்றோடொன்று படும் இறுக்கத்தைச் சரிபார்க்க ஒரு துண்டுக் காகிதம் போதும். பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவே காகிதத்தை நுழைத்து, மோட்டாரை அழுத்திப் பிடித்துத் திருகை முறுக்கிய பின் ஸ்பரைச் சுழற்றிக் காகிதத்தை வெளியே எடுங்கள். காகிதத்தில் பற்களின் மடிப்பு சீராகப் பதிந்து, எங்கும் கிழியாமல் வந்தால் இறுக்கம் சரி. ஸ்பரின் ஒரே இடத்தில் மட்டும் பார்க்காமல் நான்கு இடங்களில் பாருங்கள். கிட்டின் மோட்டார் தாங்கி சற்றே சாய்வாகக் குடையப்பட்டிருந்தால் மடிப்பு ஒரு ஓரத்தில் ஆழமாகவும் மறு ஓரத்தில் மேலோட்டமாகவும் விழும்; அந்தத் தாங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ஷிம் (மெல்லிய இடைத்தகடு) வைத்து ஒப்பேற்றக் கூடாது.

ஓட்டிப் பார்த்து ஒப்பிடும் முறை

கிட்டைப் பொருத்துவதற்கு முந்தைய வாரமே பழைய அமைப்பில் ஐந்து நிமிட ஓட்டங்கள் மூன்றை எடுத்து, ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் எழுதி வைக்க வேண்டும். இதைச் செய்யாதவர் பிறகு எதனோடும் ஒப்பிட முடியாது. மாற்றத்துக்குப் பிறகு, முதல் இரண்டு நிமிட ஓட்டத்தை வெப்பம் பார்ப்பதற்காகவே ஒதுக்குங்கள். மோட்டாரின் உறை 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் நிறுத்திவிட்டுப் பினியனைச் சிறிதாக்குங்கள். அந்த வெப்பத்துக்கு மேல் சாதாரண நியோடிமியம் காந்தங்கள் தங்கள் பலத்தை இழக்கத் தொடங்கும், இழந்தது திரும்பி வராது.

அடுத்து, அதே டயர், அதே பேட்டரி, முடிந்தால் நாளின் அதே வேளை என்று வைத்துக்கொண்டு மீண்டும் மூன்று ஐந்து நிமிட ஓட்டங்கள். மிக வேகமான ஒற்றைச் சுற்றைப் பார்த்து மயங்காதீர்கள். கன்வெர்ஷன் செய்த கார்கள் அந்த ஒரு சுற்றில் பெரும்பாலும் வேகமாகத்தான் இருக்கும். ஐந்து நிமிடத்தில் முடித்த மொத்தச் சுற்றுகளையும், வேகமான சுற்றுக்கும் சராசரிச் சுற்றுக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். இடைவெளி பழையதைவிட விரிந்திருந்தால் கார் வேகமானதாகவும், அதே நேரத்தில் ஓட்டக் கடினமானதாகவும் ஆகியிருக்கிறது என்று பொருள். அந்நிலையில் செட்டப்புக்கு இன்னும் இரண்டு மூன்று பயிற்சி நாட்கள் கொடுக்கலாம். ஒரு நாளில் ஒரே ஒரு மாற்றம், அதுவும் முதலில் பின் ஸ்பிரிங், பிறகு பின் டோ கோணம் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு), பிறகு பேட்டரியின் இடம் என்ற வரிசையில். அதற்குப் பிறகும் மொத்தச் சுற்றுகள் பழைய தாளில் உள்ளதை எட்டவில்லையென்றால், கழற்றிய பாகங்களைப் பெயரெழுதிய பைகளில் போட்டு வைத்திருப்பவர் ஒரே மாலையில் பழைய காரைத் திரும்பக் கட்டிவிடலாம். துளை எதுவும் புதிதாகப் போடாமல் பொருத்தியிருந்தால் கிட்டையும் நல்ல விலைக்கு விற்றுவிட முடியும்.